மண்ணுக்குத் தழை வேண்டும், மரத்துக்கு உரிமை வேண்டும்!

(பெரணமல்லூரில் விவசாயத் தொழிலாளர்களும், சிறு விவசாயிகளும், நெசவாளர்களும், ஆரணி அரிசி ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நான் பேச வந்திருப்பது வரப்பில் நிற்க வேண்டிய மரத்தைப் பற்றி. கூலியைப் பற்றியும் பட்டாவைப் பற்றியும் பேசாமல் மரத்தைப் பற்றிப் பேச இதுவா சமயம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம். கூலியும் பட்டாவும் இந்தப் பேச்சில் வரத்தான் போகின்றன. மரத்தின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் அங்கேதான் போய் முட்டுகிறது.

இன்னொரு கேள்வியும் எழலாம். “சொந்தமாக ஒரு சென்ட் கழனி இல்லாதவனுக்கு மண் வளத்தைப் பற்றி என்ன கவலை?” நியாயமான கேள்வி. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்பவர்கள் சுமார் 42 லட்சம் பேர். கூலிக்கு உழைக்கும் விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம் பேர். இந்தக் கூட்டத்திலும் கூலிக்காரர்கள்தான் அதிகம். ஆனால் மண் மெலிந்தால் முதல் அடி யார் மேல் விழுகிறது? விளைச்சல் குறைந்த கழனியில் களை எடுக்க ஆள் கூப்பிடுவதில்லை. உர மூட்டைக்குக் கடன் வாங்கிய சிறு விவசாயி கூலியில்தான் கையை வைக்கிறான். கட்டுப்படியாகாத கொல்லையைத் தரிசாகப் போடுகிறான், அல்லது மனை போட்டு விற்கிறான். மண்ணின் பசி உங்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் வருகிறது. ஆகவே இது நிலம் உள்ளவன் பிரச்னை மட்டும் அல்ல.

மண் ஏன் மெலிந்தது?

ஆரணி அரிசி ஆலைகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாள்தோறும் நீங்கள் முதுகில் சுமக்கும் நெல் மூட்டைக்குள் இருப்பது என்ன? வெய்யிலும் தண்ணீரும் உழைப்பும் மட்டும் அல்ல. மண்ணின் சத்தும் அதற்குள் இருக்கிறது. ஒரு டன் நெல் விளைந்து, வைக்கோலும் சேர்ந்து கழனியை விட்டுப் போகும்போது, ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்து அதோடு வண்டி ஏறிவிடுகிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வேறு. அரிசி பட்டணத்துக்குப் போகிறது. தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது. உமி கொதிகலனுக்குப் போகிறது. கழனிக்குத் திரும்பி வருவது என்ன?

இந்தக் கேள்வியை 19-ம் நூற்றாண்டிலேயே கேட்டவர்கள் உண்டு. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தராத விவசாயம் கொள்ளைதான் என்று ஜெர்மானிய ரசாயன விஞ்ஞானி லீபிக் எச்சரித்தார். அவரைப் படித்த மார்க்ஸ், 1867-ல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தில் இந்த விஷயத்தை எடுத்து ஆராய்ந்தார். லாபத்துக்காக நடக்கும் விவசாயம் தொழிலாளியை உறிஞ்சுவதைப் போலவே மண்ணையும் உறிஞ்சுகிறது என்பது அவர் கண்ட முடிவு. பட்டணம் ஒரு பக்கம் பெருக, கிராமத்து மண் இன்னொரு பக்கம் வற்றுகிறது.

நம் பக்கத்துச் செம்மண் நிலம் இயல்பாகவே மக்கு கம்மியான நிலம். நூறு பங்கு மண்ணில் அரைப் பங்கு கரிமம்கூட இல்லாத கொல்லைகள் இங்கே ஏராளம். மக்கு இல்லாத மண் மழை பெய்தால் கரைந்து ஓடும். வெய்யில் அடித்தால் இறுகிப் போகும். தண்ணீரைப் பிடித்து வைக்காது; போட்ட உரத்தையும் பிடித்து வைக்காது.

முன்னே இந்த மக்கு எங்கிருந்து வந்தது? எருக்குழியிலிருந்து வந்தது. ஆட்டுக் கிடையிலிருந்து வந்தது. ஏரி வண்டலிலிருந்து வந்தது. வரப்பிலும் ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் வெட்டிய தழையிலிருந்து வந்தது. டிராக்டர் வந்தது, ஏர்மாடு போயிற்று, எருக்குழி காலியாகிவிட்டது. மேய்க்கால் சுருங்கியது, கிடை போட வரும் ஆடுகள் குறைந்தன. மல்லாட்டைக் கொடி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. வைக்கோல் கட்டுக்கட்டாக லாரியில் போகிறது.

அந்த இடத்தை நிரப்ப உர மூட்டை வந்தது. உரம் விளைச்சலைக் கூட்டியது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உரம் செடிக்குச் சோறு. மண்ணுக்குச் சோறு அல்ல. அதிலும் ஒரு கோணல் சேர்ந்தது. 2010 ஏப்ரலில் மத்திய சர்க்கார் உர மானிய முறையை மாற்றியது. யூரியா விலை மட்டும் கட்டுப்பாட்டில் நின்றது, டி.ஏ.பி., பொட்டாஷ் விலைகள் கம்பெனிகளின் கைக்குப் போய் ஏறின. ஏழை விவசாயி என்ன செய்வான்? மலிவான யூரியாவையே அள்ளிப் போட்டான். பயிர் கருகருவென்று நின்றது, பூச்சி வந்தது, சாய்ந்தது. அறிவில்லாமல் அவன் அப்படிச் செய்யவில்லை. விலைப் பட்டியல் அவனை அப்படிச் செய்ய வைத்தது.

வரப்பு மரம் என்ன வேலை செய்கிறது?

நெசவாளத் தோழர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தறியில் பாவு நிலையாக இருக்கிறது. ஊடை வந்து வந்து போகிறது. பாவு அறுந்தால் ஊடையை என்ன வேகத்தில் ஓட்டினாலும் சேலை ஆகாது. கழனியில் நெல்லும் மல்லாட்டையும் ஊடை. மூன்று நான்கு மாதத்தில் வந்து போகும். ஆண்டு முழுவதும் மண்ணில் நிற்கும் வேர்தான் பாவு. அந்தப் பாவை நாம் அறுத்துவிட்டோம்.

வரப்பில் நிற்கும் மரம் மூன்று வேலை செய்கிறது.

முதலாவது, நெல் வேர் எட்டாத ஆழத்துக்கு அதன் வேர் போகிறது. கீழே இறங்கிவிட்ட சத்தை மேலே இழுத்து இலையில் சேர்க்கிறது. அந்த இலையை வெட்டிக் கழனியில் போட்டால் இழந்தது திரும்பி வருகிறது.

இரண்டாவது, சில மரங்கள் காற்றிலிருந்தே உரம் தயாரிக்கின்றன. நாம் மூச்சு விடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு தழைச்சத்துதான். நெல் அதைத் தொட முடியாது. புங்கு, அகத்தி, கிளைரிசிடியா போன்ற அவரை இனத்து மரங்களின் வேரில் முடிச்சுகள் இருக்கின்றன. அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குத் தருகின்றன. உரத் தொழிற்சாலை பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் செய்யும் வேலையை ஒரு புங்க மரம் சத்தமில்லாமல் செய்கிறது. வேம்பும் பூவரசும் இந்த இனம் அல்ல. ஆனாலும் அவற்றின் தழை நல்ல தழை.

மூன்றாவது, வேர் வரப்பைப் பிடித்து நிறுத்துகிறது. ஐப்பசி மழையில் கொல்லையின் மேல்மண் ஓடைக்குப் போகாமல் தடுக்கிறது. நம் முன்னோர் வரப்பில் பனையை நிறுத்தியது சும்மா அல்ல. நிழல் குறைவு, பிடிப்பு அதிகம்.

இது வெளியிலிருந்து வந்த புதிய வித்தை என்று நினைக்க வேண்டாம். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு என்று ஒன்று உண்டு. கிளுவை முள் வேலிக்குள்ளே வெள்வேல மரம், அதன் கீழே கொழுக்கட்டைப் புல், அதில் மேயும் மாடும் ஆடும். மழை குறைந்த சீமையில் மரத்தையும் புல்லையும் மாட்டையும் சேர்த்தே மண்ணைக் காத்த முறை அது. நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவை புங்கும் வேம்பும் பூவரசும்.

கணக்குப் பார்ப்போம்

கை தட்டல் வாங்குவதற்காக அதிகப்படியாகச் சொல்லக் கூடாது. கணக்காகவே பார்ப்போம்.

சதுரமான ஒரு ஏக்கர் கழனி என்று வைத்துக்கொள்வோம். சுற்று வரப்பின் நீளம் சுமார் 835 அடி வரும். ஒன்றரை அடிக்கு ஒரு கிளைரிசிடியா போத்து நட்டால் 550 போத்துக்கு மேல் நடலாம். நன்றாக ஊன்றிக்கொண்ட செடியை ஆண்டுக்கு இரண்டு மூன்று தரம் வெட்டினால், குறைவாகப் பார்த்தாலும் 5 கிலோ பச்சைத் தழை தரும். மொத்தம் இரண்டரை டன்னுக்கு மேல். வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சிபாரிசு செய்யும் தழை உரம் இந்த அளவுதான்.

இந்த இரண்டரை டன்னில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்ந்த தழை சுமார் 600 கிலோ. அதில் தழைச்சத்து 15 அல்லது 16 கிலோ. யூரியாவில் சொன்னால் முக்கால் மூட்டை. ஏக்கர் நெல்லுக்குச் சொல்லப்படும் 60 கிலோ தழைச்சத்தில் இது கால் பங்கு. ஆகவே, வரப்பு மரம் நட்டால் உர மூட்டையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிச்சத்தை எந்த மரமும் காற்றிலிருந்து உண்டாக்காது. மண்ணில் இருப்பதைத்தான் எடுத்துத் தரும். ஆனால் கால் பங்கு உரம் வெளியிலிருந்து வாங்காமல் வருகிறது. அதோடு 600 கிலோ மக்கு மண்ணில் சேருகிறது. அந்த மக்கை எந்தக் கடையிலும் மூட்டையாக வாங்க முடியாது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தால் மண் தண்ணீரைப் பிடிக்கும், மண்புழு வரும், போட்ட உரம் வீணாகாது.

இங்கே இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முக்கால் மூட்டை யூரியாவின் கடை விலை இருநூறு ரூபாய் சுமாருக்குத்தான் வரும். இரண்டரை டன் தழையை வெட்டி, பரப்பி, மிதிக்க ஆகும் கூலி அதற்கு மேலே போய்விடும். 25 கிலோ கட்டு என்றால் நூறு தலைச்சுமை! மண்ணுக்குத் தழை நல்லது என்று தெரிந்தும் சிறு விவசாயி ஏன் யூரியாவைத் தேடிப் போகிறான் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. யூரியா மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் சர்க்கார் மானியம். தழை வெட்டும் கைக்கு மானியம் கிடையாது. உரக் கம்பெனிக்குக் கொடுக்க முடிகிற சர்க்காருக்கு, மண்ணைக் காக்கும் கூலிக்காரிக்குக் கொடுக்க ஏன் முடியாது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வரப்பு மரத்தால் தொல்லையும் உண்டு. வளர விட்டால் நிழல் கட்டும். ஆகவே இடுப்பு உயரத்தில் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேர் பயிரோடு போட்டி போடும். வரப்பை ஒட்டி ஒன்றரை அடிப் பள்ளம் எடுத்துப் பக்க வேரை அறுத்துவிட வேண்டும். நட்டு இரண்டு ஆண்டு வரை தழை எதிர்பார்க்கக் கூடாது. பக்கத்துக் கழனிக்காரனோடு பொது வரப்பு என்றால் முதலில் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வரப்புத் தகராறு எத்தனை வீட்டைக் கோர்ட்டுக்கு அனுப்பியது என்பது உங்களுக்குத் தெரியும்.

சாணி அடுப்புக்குப் போன கதை

இந்திய விவசாயி முட்டாள், அதனால்தான் சாணியை எருவாக்காமல் வறட்டி தட்டி எரிக்கிறான் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைப் பரிசோதிக்க வந்தவர் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர். பிரிட்டிஷ் சர்க்காரால் அனுப்பப்பட்டு 1889-ல் வந்தார். நாடு முழுவதும் சுற்றிப் பார்த்தார். 1893-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அவர் கண்டது என்ன? விவசாயிக்கு எருவின் அருமை நன்றாகத் தெரியும். விறகு இல்லாததால்தான் சாணியை எரிக்கிறான். கிராமத்துக்குக் கிராமம் விறகும் தீவனமும் தரும் தோப்புகளை உண்டாக்கிக் கொடுங்கள். சாணி தானாகக் கழனிக்குப் போகும். இதுதான் அவர் சொன்ன யோசனை.

ஆனால் விறகு ஏன் இல்லாமல் போயிற்று? 1882-ம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் ரிசர்வ் ஆயின. அதுவரை தழை வெட்டியவன், விறகு பொறுக்கியவன், ஆடு மேய்த்தவன் எல்லாம் அனுமதிச் சீட்டுக்கும் அபராதத்துக்கும் ஆளானான். ஒரு கையால் காட்டைப் பூட்டிவிட்டு, மறு கையால் மண் ஏன் மெலிந்தது என்று அறிக்கை எழுதச் சொன்னது அந்த ஆட்சி. மண்ணின் சத்துக்கும் மரத்தின் மேல் உள்ள உரிமைக்கும் இருக்கும் சம்பந்தம் அன்றே வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

மரம் யாருக்குச் சொந்தம்?

இப்போது மையமான விஷயத்துக்கு வருகிறேன். நெல்லை விதைத்தவன் நான்கு மாதத்தில் அறுக்கிறான். மரத்தை நட்டவன் இரண்டு ஆண்டு கழித்துத் தழை வெட்டுகிறான். பத்து ஆண்டு கழித்து முழுப் பலன் காண்கிறான். அடுத்த ஆண்டு இதே கழனி தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன் மரம் நடுவானா?

தமிழ்நாட்டில் சராசரி நிலம் 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்தத் துண்டு நிலத்துக்குள்ளும் எத்தனை கழனி வாரத்துக்கும் குத்தகைக்கும் உழப்படுகிறது! பெரும்பாலும் வாய்ப் பேச்சு, காகிதம் கிடையாது. சட்டம் இல்லாமல் இல்லை. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-ல் வந்தது. நியாய வாரச் சட்டம் 1956-ல் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969-ல் வந்தது. விவசாயிகள் சங்கங்கள் போராடிப் பெற்ற சட்டங்கள் இவை. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகைதாரனுக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். பெயரைப் பதியப் போனால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். அவன் போத்து நட்டால், “எங்கள் கழனியில் மரம் வைத்து உரிமை கொண்டாடப் பார்க்கிறாயா?” என்று கேட்பார்கள். ஆகவே அவன் நடுவதில்லை. நிலத்துக்காரனோ சென்னையிலோ வேலூரிலோ இருக்கிறான், அவனும் நடுவதில்லை. வரப்பு மொட்டையாக நிற்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு பாடத்தை ஆப்பிரிக்காவில் பார்க்கலாம். நைஜர் என்பது சஹாரா பாலைவனத்தை ஒட்டிய ஏழை நாடு. அதை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள், வயலில் நிற்கும் மரமும் சர்க்கார் சொத்து என்று சட்டம் வைத்திருந்தார்கள். தன் வயல் மரத்தின் கிளையை ஒடித்தால் உழவனுக்கு அபராதம். விளைவு என்ன? மரம் முளைத்தால் கிள்ளி எறிந்தான். வைத்தால் வில்லங்கம்! மண் மணலானது, 1970-களிலும் 80-களிலும் பஞ்சம் தாக்கியது. 1980-களின் நடுவிலிருந்து அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. தன் வயலில் முளைக்கும் மரம் தன்னுடையது என்று உழவன் நம்பத் தொடங்கினான். அடிவேரிலிருந்து துளிர்த்ததை வெட்டாமல் காத்தான். நாற்றங்கால் இல்லை, பெரிய செலவு இல்லை. சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பி வந்தது. அங்கே காவோ என்று ஒரு வேல மரம் உண்டு. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும். பயிருக்கு வெளிச்சமும் கிடைக்கும், தழையும் கிடைக்கும். பெண்கள் விறகுக்கு நடக்கும் தூரம் குறைந்தது. மரம் புதிதாக வந்ததல்ல. வேர் மண்ணுக்குள் காத்துக்கொண்டுதான் இருந்தது. உரிமை வந்ததும் மரம் எழுந்தது.

எல்லா மரமும் மண்ணுக்கு நண்பன் அல்ல

மரம் நடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்த மரம், யாருக்கு என்று கேட்க வேண்டும். 1980-களில் உலக வங்கிக் கடனில் ‘சமூகக் காடு’ என்ற பெயரில் கர்நாடகத்தில் தைல மரம் பரவியது. கோலார் பக்கத்தில் கேழ்வரகு விளைந்த நிலம் தைலத் தோப்பானது. பெரிய நிலக்காரனுக்கு வசதி: களை இல்லை, அறுப்பு இல்லை, கூலி கொடுக்க வேண்டியதில்லை, மரம் ஆலைக்குப் போனால் பணம். கேழ்வரகும் போயிற்று, கூலி வேலையும் போயிற்று. 1983-ல் தும்கூர் மாவட்டத்து விவசாயிகள் நாற்றங்காலுக்குள் புகுந்து தைலக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் புளி விதையையும் மா விதையையும் போட்டார்கள். மரத்தின் மேல் அவர்களுக்குப் பகை இல்லை. தங்கள் சோற்றைப் பறிக்கும் மரத்தைத்தான் எதிர்த்தார்கள்.

நம் மாநிலத்திலும் 2021-22 முதல் விளைநிலங்களில் பசுமைப் போர்வை இயக்கம் என்று ஒரு திட்டம் வந்தது. வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்றும், நிலத்துக்குள் நட 160 கன்றும் இலவசம் என்றார்கள். நல்ல முயற்சி. ஆனால் முன்னுக்கு நின்ற கன்றுகள் தேக்கு, செம்மரம், சந்தனம், மகோகனி போன்றவை. பதினைந்து, இருபது ஆண்டு காத்திருக்க முடிந்தவனுக்கு அது பணம். அரை ஏக்கர்க்காரனுக்கும் குத்தகைக்காரனுக்கும் வேண்டியது சீக்கிரம் தழைக்கும் புங்கும் அகத்தியும் கிளைரிசிடியாவும். இவற்றையும் அதே அக்கறையோடு கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நிலமில்லாத தோழர்களுக்கு இதில் என்ன?

நான்கு விஷயம் இருக்கிறது.

ஒன்று, கூலி. தழை வெட்டுவது, போத்து நடுவது, வரப்புக் கட்டுவது எல்லாம் ஆள் வேலை; எந்திரம் செய்யாத வேலை. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகளின் நிலத்திலும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் நிலத்திலும் மரம் நட இடம் இருந்தது. வேலைத் திட்டம் எந்தப் பெயரில் நடந்தாலும் சரி, தழை வெட்டி மண்ணுக்குச் சேர்ப்பதையும் வேலையாக எழுதி முழுக் கூலி கொடுக்க வேண்டும். முன்பு சொன்ன இருநூறு ரூபாய்க் கணக்கு இங்கேதான் நேராகும். சிறு விவசாயியின் பையிலிருந்து கூலியைப் பறிக்க வேண்டாம்; உர மானியத்தைப் போல இதுவும் சர்க்கார் பொறுப்பாகட்டும். கூலிக்காரனுக்கும் சிறு விவசாயிக்கும் சண்டை மூட்டிவிடும் வேலை அப்போது நடக்காது.

இரண்டு, பொறம்போக்கு மரங்கள். சர்க்கார் நிலத்தில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க 2-சி பட்டா என்ற மரப்பட்டா தரும் முறை வருவாய்த் துறையில் நெடுநாளாக உண்டு. நிலம் சர்க்காருடையது, பலன் பட்டாக்காரருடையது. ஓடைக்கரையிலும் பாட்டை ஓரத்திலும் புங்கும் வேம்பும் வைத்து, அந்த மரப்பட்டாவை நிலமற்ற குடும்பங்களுக்கும், அதிலும் பெண்கள் பெயருக்கும் கேட்க வேண்டும். புங்கங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் பொறுக்கி விற்றால் காசு, தழை ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை மண்ணுக்கு.

மூன்று, நிலமே. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். வந்தவாசிக்குக் கிழக்கே இருக்கும் ஜில்லாவில் தொடங்கிய அந்த நிலங்கள் இன்று எத்தனை கை மாறிக் கிடக்கின்றன! அதை மீட்டு உரியவன் கையில் கொடுத்தால், வரப்பில் மரம் வைக்க அவனுக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

நான்கு, உள்ள நிலம் போகாமல் இருக்க வேண்டும். செய்யாறு பக்கத்தில் மேல்மாவில் 2023-ல் என்ன நடந்தது? சிப்காட் விரிவாக்கத்துக்காக மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப் போகிறோம் என்றார்கள். விளைநிலத்தைத் தர மாட்டோம் என்று விவசாயிகள் மாதக் கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்த பிறகு ஆறு பேர் மேல் போட்டது வாபஸ் ஆயிற்று. ஆலை வேண்டாம் என்று தொழிலாளி வர்க்கம் சொல்லாது. ஆனால் நாளை எந்த நோட்டீஸ் வருமோ என்று பயந்து கிடக்கும் மண்ணில் இருபது ஆண்டு மரம் எப்படி வளரும்?

இந்தப் பட்டத்தில் என்ன செய்யலாம்?

உரிமை வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஓராண்டுக் குத்தகைக்காரன்கூட இந்த ஆண்டே செய்யக்கூடியது உண்டு. நடவுக்கு முன்னே தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, 45, 50 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுது மிதித்துவிடலாம். 2024-25-ல் மாநில சர்க்கார் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு இடம் இருந்தது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் போய்க் கேளுங்கள். அறுப்பு முடிந்த கழனியில் கொளுஞ்சி தூவினால் ஆடு மாடு கடிக்காது. விதை உதிர்ந்து மறு ஆண்டும் தானாக முளைக்கும்.

சொந்தக் கழனி உள்ளவர்கள் புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் போத்து நடுங்கள். கட்டை விரல் பருமன், மூன்றடி நீளம், ஈரம் காயும் முன்னே ஊன்றிவிட வேண்டும். முதல் ஆண்டில் சுற்று வரப்பு முழுவதும் வேண்டாம். ஒரு பக்கம் நட்டுப் பாருங்கள். அகத்தியை இடையில் போட்டால் சில மாதத்திலேயே கீரையும் தழையும் கிடைக்கும். இரண்டு பேருக்குப் பொது வரப்பு என்றால் தழையில் பாதிப் பாதி என்று நாலு பேர் முன்னே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ஆலைத் தோழர்களுக்கும் நெசவாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் ஆரணியில் வாங்கும் கூலியிலிருந்து ஊரில் அண்ணன் தம்பி கழனிக்கு உர மூட்டை வாங்கிக் கொடுக்கிறீர்கள். தறியின் உழைப்பு மண்ணுக்குள் போகிறது என்றால் அந்த மண்ணின் கதியைக் கேட்கும் பாத்தியதை உங்களுக்கும் உண்டு. குத்தகைப் பதிவு கேட்டு விவசாயி தாலுகா ஆபீசுக்குப் போகும் நாளில் அவனுக்குப் பக்கத்தில் நீங்களும் நிற்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். குத்தகைக்காரன் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். அவன் நட்ட மரத்தின் தழையும் பலனும் அவனுக்கே என்று எழுத்தில் இருக்க வேண்டும். நிலத்தை விட்டு விலக நேர்ந்தால் மரத்துக்கு ஈடு கிடைக்க வேண்டும். பொறம்போக்கு மரத்தின் பட்டா நிலமற்றவர்களுக்கு வேண்டும். தழை வேலைக்கு முழுக் கூலி வேண்டும். தேக்கோடு சேர்த்துப் புங்கும் அகத்தியும் நாற்றங்காலில் வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஆனால் பெரணமல்லூர் வரப்பு மொட்டையாக நிற்பதா, பச்சையாக நிற்பதா என்பதை இவைதான் தீர்மானிக்கும். கிராமத்துக்குக் கிராமம் இதைப் பேசுங்கள், மனு எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள், கூட்டாகப் போய்க் கேளுங்கள். மண்ணுக்குத் தழை வேண்டும். தழைக்கு மரம் வேண்டும். மரத்துக்கு உரிமை வேண்டும். அந்த உரிமை ஒற்றுமையால்தான் வரும்.